வெளிப்பிரகாரத் தளம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள், உபயதாரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் நம் ஊர் மாரியம்மன் கோயிலின் வெளிப்பிரகாரத் தளம் போட்டு முடிந்தது. 1,200 சதுர அடி, 4 அங்குல கனம். கிழக்கு வாசல் படியும் வடிகாலும் சேர்ந்தே முடிந்தன. வரவு செலவுக் கணக்கு மடப்பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் கான்கிரீட்டில் சேர்த்த ஃபைபர், அதாவது பிளாஸ்டிக் இழை, பற்றித்தான்.

“பிளாஸ்டிக் பைக்கே அபராதம் போடும் மாவட்டம். அம்மன் வாசலில் பிளாஸ்டிக்கா?” நியாயமான கேள்விதான். சேர்த்தது பாலிபுரோப்பிலீன் இழை. முடி போல மெலிசு, 12 மில்லிமீட்டர் நீளம். மூட்டைக்கு 125 கிராம் பொட்டலம் ஒன்று; 80 மூட்டை சிமென்ட்டுக்கு 10 கிலோ.

பழைய தளத்தை நினைத்துப் பாருங்கள். தை மாதம் போட்டது. விடியலில் உறைபனி, பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில், கூடவே வறண்ட காற்று. மேல் ஈரம் காற்றோடு போய், இறுகுவதற்கு முன்பே கான்கிரீட் சுருங்கிவிட்டது. மறுநாள் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. ஆனி, ஆடி மழை அதன் வழியே இறங்கிக் கம்பியைத் துரு தின்றது. முதல் சில மணி நேரத்தில் விழும் அந்த வெடிப்பைப் பிடித்து நிறுத்தத்தான் இந்த இழை. மண் சுவருக்கு வைக்கோல் மிதித்த நம் பாட்டன்மாருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது.

இழை போட்டால் கம்பியைக் குறைக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. குழு ஏற்கவில்லை. இந்த மெல்லிய இழை பாரம் தாங்காது. தேர் நிற்குமிடத்தில் 8 எம்எம் கம்பி திட்டப்படியே போட்டோம்.

ஒரு தவறும் நடந்தது. இழை சேர்ந்த கலவை விறைப்பாகத் தெரியும். முதல் நாள் மேஸ்திரி தண்ணீரை ஊற்றிவிட்டார். நாங்கள் தடுப்பதற்குள் மூன்று டிரம் கலவை போய்விட்டது. தென்மேற்கு மூலை மாவாகப் பெயர்வது அதனால்தான். பிறகு தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் மருந்தைச் சேர்த்து, கலவை இயந்திரத்தைக் கூடுதலாகச் சுற்றவிட்டோம். அந்த மூலையைக் கொத்திவிட்டுக் கூலியில்லாமல் போட்டுத் தர மேஸ்திரி ஒப்புக்கொண்டார், சிமென்ட் நம்முடையது.

தளம் நன்றாக இறுக, மேலே பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் தேக்கி வைத்தோம். இழை இருக்கிறதே என்று அதை விட்டிருந்தால் போட்ட பணம் வீண். முறை வைத்துத் தண்ணீர் சுமந்த இளைஞர்களுக்கு நன்றி.

சில இடங்களில் இழை நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது. நடக்க நடக்கத் தேய்ந்துவிடும். யாரோ கற்பூரம் வைத்துப் பொசுக்கிப் பார்த்திருக்கிறார்கள். கரும்புள்ளிதான் மிச்சம், தயவுசெய்து வேண்டாம். கூட்டுபவர்கள் தேய்ந்து விழும் இழைத் தூசியை வடிகாலில் தள்ளாமல் தனியே அள்ளிவிடுங்கள். அந்த வடிகால் நேரே ஓடையில் போய்ச் சேர்கிறது.

திருப்பணிக் குழு