எமது பெற்றோர் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, நம் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவிலிருந்து வந்திருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கொழுந்து அதிகமான மாதங்களில் வரவு குறைந்தது; அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். குறிப்புகள் கொப்பியில் உள்ளன.

இவ்வருடம் நாம் அதிகம் பேசியது காசைப் பற்றித்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். இருந்தும் நீண்டகால நோயுள்ள பிள்ளையின் வீட்டில் காசு நிற்பதில்லை. பேர் பேராக, அதாவது நாட்சம்பளம் நாட்சம்பளமாக, கரைகிறது. பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையில் கிளினிக் என்றால் இருட்டோடு எழும்பி, ஹட்டனில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து போக வேண்டும். அம்மாவுக்கு அன்றைய பேர் இல்லை. பிள்ளைக்கு நடக்க முடியாவிட்டால் அப்பாவுக்கும் இல்லை. சின்னவனைப் பார்த்துக்கொள்ள அக்காள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாள். அவளைப் பற்றி எந்த டொக்டரும் கேட்பதில்லை, நாமும் இவ்வருடந்தான் கேட்கத் தொடங்கினோம்.

ஆகவே ஆடி மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தோம்: சுகமில்லாத பிள்ளையைப் பார்க்க ஹோர்லிக்ஸ் போத்தலும் அப்பிளும் வாங்கிப் போவதை நிறுத்தி, அந்தக் காசைக் கிளினிக் நாளின் பஸ் செலவுக்கும் இழந்த பேருக்கும் கொடுப்பது. படம் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போகிறதே என்று இரண்டு உறுப்பினர்கள் வருந்தினார்கள். அவர்களுடைய வருத்தமும் குறிப்பில் பதியப்பட்டுள்ளது.

அடுத்தது பாடசாலை விடயம். முதலாம் வகை நீரிழிவுள்ள தரம் 6 மாணவி ஒருத்திக்கு இரத்தத்தில் சீனி குறைந்தால் கை நடுங்கும், வியர்க்கும். உடனே இனிப்பு எதையாவது வாயில் போட வேண்டும். "சீனி வருத்தக்காரிக்கு டொபியா?" என்று வகுப்பில் அதைப் பறித்துவிட்டார்கள். தாயும் நானும் வைத்தியரின் கடிதத்தோடு அதிபரிடம் போனோம். இப்போது ஆசிரியர் மேசை லாச்சியில் குளுக்கோஸ் பெட்டி இருக்கிறது. ஆனாலும் "சேர், இவ கை நடுங்குது" என்று முதலில் எழும்பிச் சொல்பவள் பக்கத்தில் இருக்கும் கூட்டாளிப் பிள்ளைதான். திறக்காத இன்சுலின் போத்தல் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிரிஜ் ஏது? கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் தன்னுடைய பிரிஜ்ஜில் இடம் கொடுத்திருக்கிறார். ஐஸ் தட்டில் வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் உதவாது.

வாதக் காய்ச்சல் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்டை நோவில் தொடங்கி, மூட்டு வீங்கி, இதய வால்வைக் கெடுக்கும் நோய் இது. ஒரே காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கும் லயங்களில் தொண்டை நோய் பரவுவதைக் கேட்கவா வேண்டும்? திரும்ப வராமலிருக்க மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, அதுவும் பல வருடங்களுக்கு. ஊசி போட்ட அன்று பையன் நொண்டிக்கொண்டு வருவான். "ஓடுறான், ஆடுறான், இன்னும் எதுக்குங்க ஊசி?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஓடி ஆடுவதே அந்த ஊசியால் என்பதைப் புரியவைக்க எனக்கு மூன்று கூட்டம் பிடித்தது. இப்போது, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் சுவர்க் கலண்டரில் ஊசி நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறோம். முதல் நாள் பின்னேரமே ஆயா ஆள் அனுப்பி ஞாபகப்படுத்துகிறார்.

செய்யாமல் கிடப்பது முட்டுக்கார (ஆஸ்துமா உள்ள) பிள்ளைகளின் காரியம். மூச்சுக்கு மருந்து பம்ப் அடித்தால் பழகிப்போகும் என்ற பேச்சு இன்னும் போகவில்லை. அடுப்புப் புகையோ காம்பராவுக்குள்ளேயே சுற்றுகிறது. புகைபோக்கி கேட்டு தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மீண்டும் எழுத, இம்முறை கையெழுத்துகளோடு, சபையின் அனுமதியைக் கோருகிறேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்