ஆக்சிஜன் சென்சாரை இப்போதே மாற்றாதே

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பெண்ணுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

பி0171 என்ற பிழைக் கோடு (code) வந்ததும், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்ன மெக்கானிக்கைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். சென்சார் கெட்டுவிட்டது என்று அந்தக் கோடு சொல்லவில்லை. கலவை லீனாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைவாக, இருக்கிறது என்று சென்சார் சொல்ல, என்ஜின் கணினியான ஈசியு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய்த் தன் எல்லையைத் தொட்டுவிட்டது, அவ்வளவுதான். சேதி கொண்டு வந்தவனை அடிக்கிற கதையாக அதை மாற்றினால், கோடு மறுபடி வரும்.

நீ எழுதிய எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. ஈசியு பெட்ரோலைக் கூட்டும் சதவீதம்தான் ட்ரிம். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும் ஐடிலில், நாள்பட்ட கணக்கான லாங் டேர்ம் ட்ரிம் +19, அந்தந்த நொடிக் கணக்கான ஷார்ட் டேர்ம் +6. 2500 ஆர்பிஎம்மில் இரண்டும் சேர்ந்தே +5தான். இது எங்கோ காற்று கசிவதன் அடையாளம். ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம், வேக்கமோ (உள்ளிழுக்கும் வெற்றிடம்) அதிகம். அதனால் சின்ன ஓட்டைகூடப் பெரிய பங்காகத் தெரியும். வேகம் கூடினால் அந்தப் பங்கு கரைந்துவிடும். நேர்மாறாக, ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த ட்ரிம் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்ப், அடைத்த ஃபில்டர், அழுக்கான மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே வரும் காற்றை அளப்பது) பக்கம் போகச் சொல்லியிருப்பேன். 20 சதவீதம் எத்தனால் கலந்த E20 பெட்ரோல்தான் காரணமா என்று கேட்டிருந்தாய். பழைய வண்டியில் அது சில புள்ளிகள் ஏற்றும். 25 வரை ஏற்றாது, ஐடிலில் மட்டும் ஏற்றவும் செய்யாது.

உன் வண்டியில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். அதைத் தாண்டி உள்ளே புகும் காற்று கணக்கில் வராது. என்ஜினுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் கசியும் காற்றும் மேனிஃபோல்ட் அழுத்தத்தில் தெரிந்துவிடும். ஈசியு அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுத்துவிடுவதால், பெரும்பாலும் ஐடில் வேகம்தான் ஏறும். ஒரே கோடு, இரண்டு வண்டிக்கு இரண்டு வைத்தியம்.

என்ஜின் ஆறியிருக்கும்போது தேடு. முதலில் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும், காற்றுக்குக் கதவு போன்ற த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய். அதைக் கையால் வளைத்து மடிப்புகளுக்குள் பார். வெடிப்பு மேலிருந்து தெரியாது. அடுத்து, என்ஜினின் அடிப்பெட்டியில் சேரும் வாயுவைத் திரும்ப இழுக்கும் பிசிவி ஹோஸ். எண்ணெய்ப் பசையில் ஊறி, வளைவின் அடிப்பக்கம்தான் கிழியும். பிறகு பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ். ஐடிலில் வைத்து அதை ஒரு கணம் இறுக்கிப் பிடி. ட்ரிம் சட்டென்று இறங்கினால் கசிவு அந்தப் பக்கம். பெட்ரோல் ஆவியை என்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வையும் விடாதே: வண்டி ஸ்டார்ட் ஆனவுடன் அந்த ஆவியைச் சேர்த்துவைக்கும் கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழற்றி விரல் வைத்துப் பார். அப்போதே இழுத்தால் வால்வு மூடவில்லை. வெளியே நிறுத்துகிற வண்டியில் எலி கடித்ததையும் ஒரு கண் பார்த்துக்கொள்.

எதுவும் அகப்படாவிட்டால் ஸ்மோக் டெஸ்ட் (குழாய்களுக்குள் புகை விட்டுக் கசிவைப் பார்ப்பது) செய்யச் சொல். கார்புரேட்டர் கிளீனரை அடித்துத் தேடுவது பழைய பழக்கம். சூடான சைலன்சர் குழாயருகே அது தீப்பிடிக்கும், வேண்டாம்.

சென்சார் மேல் இன்னும் சந்தேகமா? உன் வண்டியில் இருப்பது நாரோபேண்ட் வகை, பெட்ரோல் கூடவா குறைவா என்று மட்டும் காட்டும். சூடான என்ஜினில் முன்பக்கச் சென்சாரின் வோல்டேஜைப் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதி: 0.8 வோல்ட் தாண்டி ஏற வேண்டும். விட்டதும் 0.1 பக்கம் இறங்க வேண்டும். தயங்காமல் ஏறி இறங்கினால் அது நல்ல சென்சார். சென்சாருக்கு முன்னே, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு இருந்தாலும் பொய்யாக லீன் காட்டும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று கேட்கும்.

பி0171 கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோடு வந்த நொடியில் ஈசியு பதிந்த எண்கள்) படம் எடுத்து வைத்துக்கொள். அழித்தால் அதுவும் போய்விடும், ஈசியு தானே செய்யும் சோதனைகளான ரெடினஸ் மானிட்டர்களும் முதலிலிருந்து தொடங்கும். சரிசெய்த பிறகு சில நாள் ஓட்டிவிட்டு, ஐடிலிலும் 2500லும் எடுத்த புது எண்களை எழுது. இரண்டு இடத்திலும் கூட்டுத்தொகை பத்துக்குள் இருந்தால் போதும்; சுழியம் வர வேண்டும் என்று அலையாதே.

அன்புடன்,
முத்து