பேரனின் இருட்டுப் பயம்

ரங்கூன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்பதில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

ஆனால் பேரனைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. மின்சாரம் போகும் நேரத்தில் அவனைத் தனியறையில் விட்டுக் கதவைச் சாத்தினால் பயம் தெளிந்துவிடும் என்கிறாயே! ஆறு வயதுப் பிள்ளையடா அவன். இங்கே முறை வைத்துத்தான் மின்சாரம் விடுகிறார்கள் என்பது உனக்குத் தெரியாததா? விளக்கு அணைந்ததும் ஓடிவந்து என் கைலியைப் பிடித்துக்கொள்கிறான். பக்கத்து வீட்டுப் பர்மியப் பிள்ளைகள் சொல்லும் பேய்க் கதைகள்தாம் காரணம் என்கிறாள் மருமகள். நான் ஒப்பவில்லை. கதையே கேட்காத பிள்ளையும் இருட்டில் அழத்தான் செய்கிறது.

கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். மங்கிய ஒளியில் பார்ப்பதற்கென்றே நம் விழித்திரையில் ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்கள் இருக்கின்றன. இருந்தும் என்ன? வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் அவை முழுதாகத் தயாராக அரை மணி நேரம்கூட ஆகிறது. அதிலும், நேராக உற்றுப் பார்க்க உதவும் நடுப்புள்ளியில் அவை அறவே இல்லை. மூலையில் ஏதோ நிற்கிறதென்று பயந்து உற்றுப் பார்த்தால் அந்த இடமே மங்கிப்போகும். பூனைக்கும் புலிக்கும் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. நமக்கு அதுவும் கிடையாது.

மனிதர்களை இருட்டில் உட்காரவைத்துத் திடீரென்று ஓசை எழுப்பினால், வெளிச்சத்தில் திடுக்கிடுவதைவிட அதிகமாகத் திடுக்கிடுகிறார்கள். 1997-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எலிக்கோ இது நேர்மாறு. இரவில் திரியும் பிராணியாதலால் பளிச்சென்ற வெளிச்சத்தில்தான் அது அதிகம் துள்ளுகிறது. அவனவன் கண் எங்கே கைவிடுகிறதோ அங்கே பயம்.

என்னை உலுக்கியது தான்சானியா செய்திதான். அங்கே 1988 முதல் 2009 வரை சிங்கங்கள் கிராமத்தாரைத் தாக்கிய பதிவுகளை சிங்க ஆய்வாளர் கிரெய்க் பேக்கர் குழுவினர் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். பௌர்ணமிக்கு அடுத்த நாட்களில்தான் ஆபத்து மிக அதிகமாம். அப்போது நிலவு பிந்தி எழுகிறது, முன்னிரவு இருண்டு கிடக்கிறது, மனிதர்களோ இன்னும் வெளியில் நடமாடுகிறார்கள். நிலவொளியில் இரை சரியாகச் சிக்காமல் பசித்திருந்த சிங்கம் அந்த நேரத்தில் வருகிறது. நம் காலத்திலேயே இப்படியென்றால், குகையில் கிடந்த நம் முன்னோர்களை நினைத்துப் பார். இருட்டுக்கு அஞ்சி நெருப்பருகே ஒட்டிக்கொண்ட பிள்ளைதானே பிழைத்திருக்கும்? அந்தப் பிள்ளையின் வழியில் வந்தவனையா அறையில் பூட்டச் சொல்கிறாய்?

அவனைக் கோழை என்று யாரும் சொல்லக் கூடாதென வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மின்சாரம் போனால் விளக்கைத் தேடாமல் அவன் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போகிறேன். கண் பழகப் பழக என்னென்ன தெரிகிறதென்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். முதலில் கம்பி, அப்புறம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் நட்சத்திரம். மங்கலான நட்சத்திரத்தை நேராக உற்றுப் பார்க்காமல், பார்வையைச் சற்றே பக்கத்தில் வைத்தால் நன்றாகத் தெரியும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது மருமகளுக்கு அவனே பாடம் நடத்துகிறான். பயம் போய்விடவில்லை. கையை இன்னும் விடமாட்டான். விடவும் வேண்டாம்.

தீமிதிக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், குடும்பத்தோடு வா. புளியமரத்துக் கதையை மட்டும் அவனிடம் எடுக்காதே. அன்று முதலில் ஓடியது யாரென்று பெரியக்கா இன்னும் மறக்கவில்லை.

அன்புடன்,
உன் மச்சான்