சேதுவுக்கு, உன் வீட்டுக் கம்ப்யூட்டர் விஷயமாக

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பாப்பா ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு லேசானது. மற்ற விஷயங்களைப் பிறகு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் காத்திருக்காது.

பையன் வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு, காசு கொடுக்காமல் ஓட வைக்கும் கிராக் இறக்கியிருக்கிறான். ஜிப்புக்கு 1234 என்று பாஸ்வேர்ட். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொன்னதாம். டபுள் கிளிக் செய்தான், ஒன்றும் திறக்கவில்லை. மறுநாள் அவன் இன்ஸ்டாகிராமில் கிரிப்டோ விளம்பரம். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஸ்கேன் போட்டால் எதுவும் சிக்கவில்லை. "அப்போ வைரஸ் இல்லைதானே?" என்று கேட்டிருக்கிறாய். வைரஸ் வந்தது. வந்த வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

இந்த வகையை இன்ஃபோஸ்டீலர் என்பார்கள். லும்மா, ரெட்லைன், விடார் என்று பல பெயர்கள். பழைய வைரஸ் மாதிரி கம்ப்யூட்டரில் குடியிருந்து தொல்லை கொடுப்பது இதன் நோக்கம் இல்லை. பிரவுசரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளி ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே அனுப்புகிறது. சில வகைகள் அதோடு தன்னையே அழித்துக்கொள்ளும். எல்லாம் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள். லும்மாவின் சர்வர்களை 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் பல நாட்டுப் போலீசும் சேர்ந்து முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டே மாதத்தில் 3,94,000 விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் சிக்கியிருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

ஜிப்புக்குப் பாஸ்வேர்ட் போடுவது சும்மா இல்லை. பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் எட்டிப் பார்க்க முடியாது. ஒன்று செய்து பார்: ஜிப் சில எம்பிதான் இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் ஃபைல் எத்தனை எம்பி காட்டுகிறது? 700க்கு மேல் என்றால், வெறும் பூஜ்யங்களைப் போட்டு ஊதிவிட்டிருக்கிறார்கள். பூஜ்யங்களை ஜிப் சுருக்கிவிடும், விரித்தால் பூதமாகும். ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களிடம் காட்டிச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளம் 650 எம்பிக்கு மேல் வாங்காது. பல ஸ்கேனர்களும் அவ்வளவு பெரிய ஃபைலைத் தாண்டிப் போய்விடும். அளவைப் பார்க்க மட்டும்தான் சொன்னேன், திறந்துவிடாதே.

ஆகவே துடைப்பதை அப்புறம் பார்க்கலாம். திருடு போனது என்ன என்பதுதான் முதல் கேள்வி. வைஃபையை அணை, கேபிள் இருந்தால் பிடுங்கு. பிறகு உன் போனில் உட்கார். பாஸ்வேர்ட் மாற்றும் வேலை எதையும் அந்தக் கம்ப்யூட்டரில் செய்யாதே. ஏதாவது இன்னும் உள்ளே இருந்தால் புதுப் பாஸ்வேர்டும் அதே வழியில் போகும்.

முதலில் ஜிமெயில். மற்ற எல்லாக் கணக்குக்கும் பாஸ்வேர்ட் ரீசெட் அங்கேதான் வருகிறது. பாஸ்வேர்டை மாற்றியதும் 'உங்கள் சாதனங்கள்' பட்டியலுக்குப் போய், கையில் இருக்கும் போனைத் தவிர எல்லாவற்றையும் வெளியேற்று. ஏன் என்றால், குக்கி என்பது ஏற்கெனவே உள்ளே வந்தவருக்குக் கொடுத்த டோக்கன் மாதிரி. அதை வைத்திருப்பவனிடம் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. "ஓடிபி வரவே இல்லையே, எப்படி உள்ளே போனான்?" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கெல்லாம் பெரும்பாலும் பதில் இதுதான்.

அதே ஜிமெயிலில் இன்னும் மூன்று இடம் பார்க்க வேண்டும். ரெக்கவரி போன் நம்பரும் மெயிலும் உன்னுடையவைதானா? ஃபார்வர்டிங்கில் தெரியாத முகவரி இருக்கிறதா? ஃபில்டரில் 'இந்தச் சொல் வந்தால் நேரே குப்பைக்கு' என்று யாராவது விதி எழுதி வைத்திருக்கிறார்களா? பேங்க் எச்சரிக்கை மெயில் உன் கண்ணில் படாமல் இருக்க இந்த ஃபில்டர் வேலையைச் செய்வார்கள். பலர் விட்டுவிடும் இடம் இது.

அடுத்து நெட் பேங்கிங். பிறகு இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்', டெலிகிராமில் 'சாதனங்கள்' திறந்து தெரியாததை வெட்டு. பிரவுசரில் சேமித்திருந்த எல்லாப் பாஸ்வேர்டும் போய்விட்டது என்றே கணக்கு வை. கார்டு நம்பர் சேமித்திருந்தால் அந்தக் கார்டை முடக்கிப் புதிது வாங்கு. காசு போயிருந்தால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும்.

இதெல்லாம் முடிந்த பிறகு கம்ப்யூட்டர்.

தெருமுனைக் கடையில் 800 ரூபாய்க்கு ஃபார்மேட் அடித்துத் தருவதாக எழுதியிருக்கிறாய். ஃபார்மேட் சரியான யோசனைதான். ஆனால் பல கடைகளில் சி டிரைவை மட்டும் துடைத்து, கடையில் இருக்கும் விண்டோஸைப் போட்டு, ஆக்டிவேட்டர் என்று ஒரு கிராக்கை ஓட்டித் தருவார்கள். அந்த ஆக்டிவேட்டரும் நம் ஜிப்புக்கு அண்ணன் தம்பிதான். டிஃபெண்டரில் 'விலக்கு' பட்டியலைத் திறந்து பார். உனக்குத் தெரியாத ஃபோல்டரோ மொத்த சி டிரைவோ அங்கே இருந்தால், 'இந்தப் பக்கம் பார்க்காதே' என்று யாரோ டிஃபெண்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் சுத்தம் என்று வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

துடைப்பதற்கு முன் திருப்திக்கு ஒரு ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டலாம். நெட்டை ஐந்து நிமிடம் இணைத்து டிஃபெண்டரை அப்டேட் செய், மறுபடி பிடுங்கு. 'வைரஸ் பாதுகாப்பு', 'ஸ்கேன் வகைகள்', கடைசியில் இருக்கும் ஆஃப்லைன் ஸ்கேன். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சுமார் 15 நிமிடம் தேடும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் சரக்கு அப்போது ஒளிய முடியாது. மால்வேர்பைட்ஸ் என்ற ஸ்கேனரின் இலவசப் பதிப்பு இன்னொரு கண்ணுக்கு நல்லது. இரண்டு ஆன்டிவைரஸை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதே, ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு கிடக்கும். எது சிக்கினாலும் சிக்காவிட்டாலும், உன் விஷயத்தில் என் முடிவு ஒன்றுதான்: முழுதாகத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போடு.

போட்டோ, மார்க்‌ஷீட், கணக்கு ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்கில் எடுத்துக்கொள். எக்ஸ்ப்ளோரரில் 'ஃபைல் எக்ஸ்டென்ஷன்' காட்டும் டிக்கை முதலில் போட்டுவிடு. பிடிஎஃப் என்று தெரிவதற்குப் பின்னால் புரோகிராம் ஃபைலான இஎக்ஸ்இ ஒளிந்திருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். இஎக்ஸ்இ, ஷார்ட்கட், பழைய ஜிப், இன்ஸ்டாலர் எதையும் எடுக்காதே, எவ்வளவு ஆசையாகச் சேர்த்ததாக இருந்தாலும்.

பிறகு வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல் இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டாலர் உண்டாக்கு. பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும். அதில் பூட் செய்து, டிஸ்க் காட்டும் திரையில் அந்த டிஸ்கின் எல்லாப் பார்ட்டிஷனையும் டெலீட் செய். 'ஒதுக்கப்படாத இடம்' என்று ஒரே வரி மிஞ்ச வேண்டும். டி டிரைவும் போய்விடும், அதனால்தான் பேக்கப் முதலில். டி டிரைவை மட்டும் காப்பாற்றி வைத்தால் அந்தக் கிராக் ஜிப்பும் அங்கேயே பத்திரமாக இருக்கும். லைசென்ஸ் கீ எங்கே என்று தேடாதே. கம்ப்யூட்டரோடு வந்த ஒரிஜினல் விண்டோஸ் என்றால், அதே பதிப்பைப் போட்டு நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

விண்டோஸ் 10 என்றால் இன்னொரு சங்கதி. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு. பழைய பிராசசர் என்று விண்டோஸ் 11 மறுத்தால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடலாம். பையன் முகம் சுளிப்பான், உன் பேங்க் வேலைக்கு அது தாராளம்.

வலது மூலையில் 'உங்கள் பிசியில் 5 வைரஸ்' என்று எட்டிப் பார்ப்பதாக எழுதியிருந்தாயே, அது வேறு. ஏதோ தளத்தில் 'ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்தவும்' என்றதும் அழுத்தியிருப்பீர்கள். குரோம் செட்டிங்கில் நோட்டிஃபிகேஷன் பட்டியலுக்குப் போய் அந்தத் தளத்தைத் தடு, நின்றுவிடும். பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் சின்ன புரோகிராமான எக்ஸ்டென்ஷன் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை: புதிதாக விண்டோஸ் போட்டு குரோமில் சைன் இன் செய்ததும், பழைய கெட்ட எக்ஸ்டென்ஷன் சிங்க் வழியாகத் திரும்பி வந்து உட்காரும். முதல் வேலையாகப் பட்டியலைத் திறந்து தெரியாததைத் தூக்கு.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட் ஆனதற்குக் காரணமும் வேறு வைரஸ்தான். உன் ஃபோல்டர் அழியவில்லை, மறைத்து வைத்திருக்கிறது. ஷார்ட்கட்டைத் தொட்டால் வைரஸை ஓட்டிவிட்டு, சந்தேகம் வராமல் ஃபோல்டரையும் திறந்து காட்டும். தொடாதே. மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'சிஸ்டம் ஃபைல்களை மறை' என்ற டிக்கையும் எடுத்தால் அசல் ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். உள்ளே இருப்பதைக் காப்பி எடுத்துவிட்டு பென்டிரைவை ஃபார்மேட் செய். இனி பிரிண்ட் வேண்டுமென்றால் மெயிலில் அனுப்பு.

புது விண்டோஸில் மூன்று யூசர் வை. அட்மின் ஒன்று, பாஸ்வேர்ட் உன்னிடம். பையனுக்கு ஸ்டாண்டர்ட் யூசர். பேங்க் வேலைக்கு உனக்கென்று தனி ஸ்டாண்டர்ட் யூசர். அட்மின் உரிமை இல்லாவிட்டால் வைரஸ் ஒன்றும் செய்யாது என்று சொல்வார்கள், அதைப் பாதிதான் நம்பு. அந்த யூசரின் பிரவுசரைச் சுருட்ட ஸ்டீலருக்கு அட்மின் உரிமை தேவையில்லை. ஆனால் பையன் யூசரில் ஓடுவது உன் யூசரின் ஃபோல்டருக்குள் நுழைய முடியாது. அதற்குத்தான் இந்தப் பிரிவினை. டிஃபெண்டரை வேறு எதுவும் அணைத்துவிடாமல் காக்கும் டாம்பர் புரொடெக்‌ஷன் ஆனில் இருக்கட்டும்.

பையனிடம் கிராக் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல். எந்தத் தளமாவது 'விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்து, கன்ட்ரோல் வி அழுத்து, என்டர் தட்டு' என்றால் உடனே மூடிவிட வேண்டும். கேப்ட்சா மாதிரி வேஷம் போட்டு, காப்பி ஆகியிருக்கும் கட்டளையை அவன் கையாலேயே ஓட்ட வைக்கும் தந்திரம். லும்மா இந்த வழியிலும் பரவியது.

ரௌட்டரை மறக்காதே. அட்மின் பாஸ்வேர்ட் வந்தபடியே இருந்தால் மாற்று, தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைத் தரும் டிஎன்எஸ் சர்வரின் நம்பரை யாரும் மாற்றவில்லையே என்று பார். டிஎன்எஸ்சேஞ்சர் கும்பல் 2011இல் பிடிபட்டபோது சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் திருட்டு டிஎன்எஸ் வழியே போய்க்கொண்டிருந்தன. திடீரென்று எல்லோருக்கும் நெட் அறுந்துவிடக் கூடாதே என்று 2012 ஜூலை 9 வரை மாற்று சர்வர் ஓட்ட வேண்டியிருந்தது.

பேக்கப் டிஸ்கை மாதம் ஒருமுறை செருகி, காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வை. செருகியே இருந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

சனிக்கிழமை மதியம் இன்ஸ்டாலர் பென்டிரைவோடு வருகிறேன். துடைப்பதை அதுவரை தொடாதே, பாஸ்வேர்ட் வேலையை மட்டும் இன்றே முடி. இன்னொன்று: விண்டோஸ் 11 என்றால் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கக்கூடும். வழியில் எங்காவது, டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நின்றுவிட்டால், பேக்கப் எடுக்காத போட்டோவெல்லாம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போன் வழியாகப் போய் அந்த எண்ணைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி வை. கிடைத்ததா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
மணி