இன்ஜின் தட்டுதுன்னா உடனே இறக்கணுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன வாரம் பழைய வண்டி பராமரிப்பு பத்தி உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா தட்டுற சத்தம் கேட்டா தாமதிக்காம இன்ஜினைக் கழட்டி இறக்கிருங்கன்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு காய் ஏத்துறவன். 2004 மாடல் டீசல் பிக்கப், பம்புல இருந்து நாலு சிலிண்டருக்கும் தனித்தனியா பைப் போற பழைய டைப். தை மாசம் ஒருநாள் காலையில ஸ்டார்ட் பண்ணா டக்கு டக்குன்னு சுத்தியலால அடிக்கிற மாதிரி சத்தம். பட்டறையில காட்டுனா பானெட்டைக்கூட முழுசா தூக்கல, ரெண்டு தடவை ஆக்சிலேட்டரை மிதிச்சுப் பாத்துட்டு, பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனோட கனெக்டிங் ராடு கிராங்க் தண்டுல மாட்டுற எடத்துல இருக்குற பேரிங்) போயிருச்சுண்ணே, கிராங்க் கிரைண்டிங் பண்ணணும், 60,000 ஆகும்னுட்டாங்க. அன்னைக்கு தக்காளி வித்த வெலைக்கு எனக்கு தலையே சுத்திருச்சு.

எனக்கு மாமா முறை ஆகணும் ஒருத்தர், லாரி மெக்கானிக்கா இருந்து ஓய்ஞ்சவர். அவர் வந்து மொதல்ல டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவு பாத்தார், டீசல் கலந்திருக்கான்னு மோந்து பாத்தார். ஃபேன் பெல்ட்டைக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் ஓட விட்டார், சத்தம் நின்னா ஆல்டர்னேட்டரோ வாட்டர் பம்போ தானாம். நிக்கல. அப்புறம் ஐடிலிங்ல விட்டு, துணியைச் சுத்திக்கிட்டு, சிலிண்டருக்குள்ள டீசல் தெளிக்கிற இன்ஜெக்டரோட பைப் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணார், ரெண்டாவதை லூஸ் பண்ணதும் சத்தம் கப்புனு அடங்கிருச்சு. நான் கையத் தட்டுனேன், மாமா முறைச்சார். டீசல் போகாம எரியலைன்னா பிஸ்டன் மேல அடி விழாது, அதனால பேரிங் தேஞ்சிருந்தாலும் இப்படித்தாண்டா அடங்கும்னு சொல்லி, ரெண்டாவது இன்ஜெக்டரையும் நாலாவதையும் மாத்தி மாட்டுனார். சத்தம் நாலாவதுக்குப் போயிருச்சு. பேரிங் எடம் மாறாதுல்ல? டீசல் பம்ப் பட்டறையில டெஸ்டர்ல வச்சுப் பாத்தா, இன்ஜெக்டர் நுனியில இருக்குற நாசில் பொகை மாதிரி தெளிக்காம ஒழுகிட்டு இருக்கு. நாசில் மாத்துனதோட சரி, செலவு 2,000 கூட தாண்டல, வண்டி இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு.

இதைப் படிச்சுட்டு காமன் ரெயில் வண்டியில (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயில இருந்து டீசல் போற புது டைப்) யாரும் பைப்பை லூஸ் பண்ணிராதீங்க சாமி, 1,000 பாருக்கு மேல போற பிரஷர், டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போயிரும், கையே போயிரும். பழைய வண்டியிலயும் அதைத் தெரிஞ்சவங்கதான் செய்யணும், வெரலை நேரா நீட்டக் கூடாது.

நெசமாவே பேரிங் போன வண்டியும் உண்டு, இல்லைங்கல. சூடானப்புறம் ஐடிலிங்ல ஆயில் பிரஷர் விழும், ஆக்சிலேட்டரை விடும்போது தட்டறது ஜாஸ்தியா கேக்கும், ஆயிலை வடிச்சா மினுமினுன்னு தூள் வரும். அப்படின்னா ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க, கனெக்டிங் ராடு பிளாக்கை ஒடச்சுக்கிட்டு வெளிய வந்துரும், அப்ப 60,000 பத்தாது. குளுர்ல மட்டும் தட்டி சூடானதும் நின்னா பிஸ்டன் தேய்மானமா இருக்கலாம், ஆயிலைப் பாத்துக்கிட்டு கொஞ்ச நாள் ஓட்டலாம்.

அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த வாரம் திருத்திப் போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் டிரைவர்,
ஒட்டன்சத்திரம்.