காற்றுச் செய்தி லொறி புறப்படுமுன் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கந்தப்பளையிலிருந்து எழுதுகிறேன். என் மூத்த மகன் மரக்கறி லொறி ஓட்டுகிறான். கரட், லீக்ஸ், கோவா எல்லாம் ஏற்றிப் படங்கு கட்டி ராத்திரி பதினொரு மணிபோல் இங்கிருந்து இறங்கினால், நுவரெலியா, இறம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று போய் விடிவதற்குள் தம்புள்ளைச் சந்தையில் நிற்க வேண்டும். அந்த வழி தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், வளைவு முடிந்தால் இன்னொரு வளைவு.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி ராத்திரி இறம்பொடைக்கு மேலே பெரிய மரமொன்று அவனுடைய லொறிக்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தது. முப்பது அடி தூரம்கூட இருக்காது என்றான். மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்ததால் இறங்கிப் போய்ப் பார்க்கப் பயம், பின்னால் வந்த வாகனங்கள் வரிசையாக நின்றுவிட்டதால் திருப்பவும் இடமில்லை, விடியும்வரை காற்று லொறியைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்ததாம். போன் ஒரு தடவை வந்தது, பாதியில் அறுந்தது. நானும் அவன் அம்மாவும் வாசலிலேயே நின்றோம். கல் ஏற்றி வைத்திருந்தும் எங்கள் கூரைத் தகரம் அன்றைக்குப் படபடவென்று அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய காற்று எச்சரிக்கையைப் பார்த்தேன். அது முதல்நாள் பின்னேரமே வெளியாகியிருந்தது. எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. முதல்நாள் ராத்திரி பத்து மணிக்குள் தெரிந்திருந்தால் விடிந்த பிறகு வெளிச்சத்தில் லொறியை எடுத்திருப்பான். ஒருநாள் சந்தை போயிருக்கும், போகட்டும்.

எச்சரிக்கையே வருவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வருகிறது. ஆனால் "மத்திய மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளில் மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் காற்று" என்கிற மாதிரி வந்தால், இறம்பொடை எந்தச் சரிவு என்று எந்த டிரைவருக்குத் தெரியும்? கொழுந்து மலைக்குப் போகிற பெண்ணுக்கு, விடிய முன் முதல் பஸ் பிடிக்கிற டீச்சருக்கு, ஓட்டோக்காரருக்கு அது எப்படி விளங்கும்? ஊர்ப் பெயர் வேண்டும், ரோட்டுப் பெயர் வேண்டும். மண்சரிவுக்கு இது நடக்கிறதே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவின் பெயரைச் சொல்லி, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் வைத்துச் சொல்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலையகத்தையே புரட்டிப் போட்ட பிறகு, எந்த நிறத்துக்கு வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காற்றுக்கும் குளிருக்கும் அப்படி ஒன்று ஏன் கூடாது?

இன்னொன்று. குளிர் என்றால் எல்லாம் ஒரே குளிர் இல்லை. காற்று அடிக்கிற ராத்திரியில் உறைபனி விழாது, உறைபனி விழுகிற ராத்திரியில் இலை ஆடாது என்று எங்கள் அப்பாயி சொல்லும், அது சரிதான். வானம் தெளிந்து காற்று நின்றுபோன ஜனவரி, பெப்ரவரி ராத்திரிகளில் நிலம் தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிட, குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்துக்கு வழிந்து இறங்கும். அதனால்தான் மேட்டுக் கொழுந்து தப்பிக்க, ஆற்றோரக் கொழுந்து கருகிப்போகும். வெப்பநிலை 3 பாகை, 4 பாகை என்று செய்தியில் இருக்கும், ஆனால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், ஏனென்றால் வெப்பமானி இருப்பது ஆள் மார்பளவு உயரத்தில், உறைவது தரையில். அந்த ராத்திரியில் டிரைவருக்குக் கஷ்டம் பள்ளத்து மூட்டமும் ஈர ரோட்டில் பிடிக்காத பழைய டயரும். காற்று ராத்திரியில் கஷ்டமே வேறு, மரம், மின்கம்பி, பறந்து வருகிற தகரம், உயரமாகப் படங்கு கட்டிய லொறியை வளைவில் பக்கவாட்டில் தள்ளுகிற தள்ளு. இரண்டையும் "கடும் குளிர் நிலவும்" என்று ஒரே வரியில் சொன்னால் யாருக்கும் பயனில்லை.

மோட்டார் சைக்கிள்காரர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 5 பாகைக் குளிரில் 40 கிலோமீற்றர் வேகக் காற்று மேலே பட்டால் உடம்புக்கு அது பூச்சியத்துக்கும் கீழே போனமாதிரி. காற்றே இல்லாத ராத்திரியிலும் 40 இல் ஓடுகிற பைக்காரருக்கு அந்தக் காற்றை அவருடைய வண்டியே உண்டாக்குகிறது. கையுறை இல்லாமல் நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு ரோட்டில் இறங்குகிற பொடியன், பாதி வழியில் விரல் மரத்து பிரேக் பிடிக்க முடியாமல் போனால் என்ன செய்வான்? அந்தச் சரிவு எப்படிப்பட்டது என்று நாடே பார்த்தது, 2023 ஜனவரி 20 இல் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி 7 பேர் இறந்தார்கள். அது குளிரால் நடந்ததல்ல. ஆனால் அப்படிப்பட்ட ரோட்டில் விறைத்த கையோடு இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்காகச் சொல்கிறேன்.

இதே மாதங்களில்தான் சிவனொளிபாதமலைக்கும் ஆட்கள் வருகிறார்கள், டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை. கரையோர ஊர்களிலிருந்து மெல்லிய சட்டையோடு, கைக்குழந்தையோடு, ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவரோடு வருகிறார்கள். மூட்டத்துக்குள் நாலு சிக்னல் லைட்டையும் போட்டுக்கொண்டு ஓடுவார்கள், அவர்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? ரோடு அடைபட்டால் கண்ணாடியெல்லாம் ஏற்றி என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவார்கள். அறை எடுத்தவர்கள் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவை அடைப்பார்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தயவுசெய்து என்ஜினை நிறுத்திவிட்டுத் தூங்குங்கள், கரிச்சட்டியை அறைக்குள் வைக்கவே வேண்டாம், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் மட்டும் போதாது.

என் தங்கச்சி மகள் கிளாஸ்கோவில் இருக்கிறாள். 2025 ஜனவரி 24 இல் எயோவின் புயல் அடித்தபோது, முதல்நாள் பின்னேரமே அவளுடைய போன் சைரன் மாதிரி அலறியதாம். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் ஏறக்குறைய 45 இலட்சம் பேருக்கு அந்த அறிவிப்புப் போனது. மறுநாள் ஸ்கொட்லாந்தில் ரயிலே ஓடவில்லை, பொலிஸ் யாரையும் வெளியே பயணம் போக வேண்டாம் என்றது. அவர்களுடைய வசதி நமக்கு இல்லை என்பது தெரியும். ஆனால் முதல்நாளே, எந்த இடம், எத்தனை மணி, என்ன செய்யக் கூடாது என்று சொல்வதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

அதனால் உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். உங்கள் பத்திரிகை இங்கே கடைக்கு வரும்போது லொறியும் முதல் பஸ்ஸும் போய்விட்டிருக்கும், அச்சில் போட்டால் எங்களுக்குப் பிந்திவிடும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி முடியும்வரை தினமும் இரவு எட்டு மணிக்குள் உங்கள் பேஸ்புக் பக்கத்தில் நாலே வரி போடுங்கள். நுவரெலியா - இறம்பொடை, நானுஓயா - ரதல்ல, அட்டன் - கினிகத்தேனை, அப்புத்தளை - பண்டாரவளை, மஸ்கெலியா - நல்லதண்ணி, இப்படி ரோட்டின் பெயரைச் சொல்லி, இன்றைக்குக் காற்றா, உறைபனியா, மூட்டமா, எத்தனை மணியிலிருந்து என்று. அடியில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற போன் இலக்கத்தையும் போடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் தருகிற விஷயம்தான், அதை எங்கள் ஊர்ப் பெயரோடு எங்கள் தமிழில் மாற்றித் தர உங்களால் முடியும். பஸ் தரிப்பிடத்தில் இருக்கிற கடைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துப் பலகையில் எழுதி வைத்தால்கூட எத்தனையோ பேர் வாசிப்பார்கள்.

மகன் ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பான், பத்தரைக்கு எழும்புவான். அதற்குள் வந்துவிட்டால் நான் வாசித்துச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
லொறி ஓட்டுநர் ஒருவரின் தகப்பன்,
கந்தப்பளை