யாருக்காக அனுமதி பெற்ற குளுக்கோமீட்டர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

குளுக்கோமீட்டர் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ‘எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) அனுமதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்’ என்கிறது. நல்ல யோசனைதான், ஆனால் பாதியில் நிற்கிறது. அனுமதி என்பது எந்த ஸ்ட்ரிப் (இரத்தச் சொட்டை வைக்கும் சோதனைப் பட்டை), எங்கிருந்து எடுத்த இரத்தம், எப்படிப்பட்ட நோயாளி என்பதையெல்லாம் சேர்த்துத் தரப்படுவது. வீட்டு உபயோகத்துக்கு அனுமதி பெற்ற மீட்டரை ஐ.சி.யூ.வில் வைத்து, அது காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் ஏற்றுவது ஆபத்து.

அமெரிக்காவில் இக்கருவிகள் 510(கே) என்ற அனுமதி வழியில் வருகின்றன. ஏற்கெனவே சட்டப்படி விற்பனையில் உள்ள கருவிக்கு இது ஈடானது என்று உற்பத்தியாளர் தரவுகளோடு காட்ட வேண்டும். 2016-இல் எஃப்.டி.ஏ. வீட்டு மீட்டருக்கும் மருத்துவமனை மீட்டருக்கும் தனித்தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. வீட்டு மீட்டரில் 95 சதவீத அளவீடுகள் ஆய்வக மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மருத்துவமனை மீட்டரில், சர்க்கரை டெசிலிட்டருக்கு 75 மி.கி.யும் அதற்கு மேலும் இருக்கையில், இந்த வரம்பு 12 சதவீதம்.

இந்த எண்களைவிட முக்கியம், யாருடைய இரத்தத்தில் சோதித்தார்கள் என்பது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதப் பங்கான ஹீமடோகிரிட் குறைந்தால் பல மீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். கூடினால் குறைத்துக் காட்டும். ஹீமோகுளோபின் 7 என்றால் ஹீமடோகிரிட் ஏறத்தாழ 21. ஸ்ட்ரிப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் 30 முதல் 55 வரை என்று போட்டிருந்தால், அந்த நோயாளிக்கு அந்த மீட்டர் அனுமதி பெறவே இல்லை. இரத்த அழுத்தம் விழுந்தவருக்கு விரல்நுனியில் ஓட்டம் குறைவு. அங்கே குத்தி எடுத்த சொட்டு உடலின் நிலையைச் சொல்லாது. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி உள்ள ஸ்ட்ரிப்பில், வென்டிலேட்டரில் அதிக ஆக்ஸிஜன் பெறுபவரின் அளவு குறைந்து வரலாம். ஜி.டி.எச்.-பி.க்யூ.க்யூ. என்ற வேறொரு நொதி உள்ள ஸ்ட்ரிப், மால்டோஸ் என்ற வேறு சர்க்கரையையும் குளுக்கோஸாக எண்ணும். ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற டயாலிசிஸ் கரைசலில் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களின் இரத்தத்தில் மால்டோஸ் இருக்கும். பொய்யாக உயர்ந்த எண்ணுக்கு இன்சுலின் போட்டு, உண்மையான சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். இவ்வாறு 1997-க்கும் 2009-க்கும் இடையே 13 பேர் இறந்ததாக எஃப்.டி.ஏ.வே 2009-இல் எச்சரித்தது.

தீவிர சிகிச்சை நோயாளிகளையும் உள்ளடக்கிய முதல் அனுமதி 2014 செப்டம்பரில்தான் கிடைத்தது. கருவி நோவா நிறுவனத்தின் ஸ்டாட்ஸ்ட்ரிப். அதிலும் பெரியவர்களின் விரல்நுனி இரத்தம் 2018-இல்தான் சேர்ந்தது. ஒரே கருவிக்கே இரத்தம் எடுக்கும் இடம் மாறினால் அனுமதி தனி என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் 2021 ஜனவரி முதல் குளுக்கோமீட்டர் மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. இறக்குமதிக் கருவிக்கு எம்.டி.-15 உரிமம் வேண்டும். மருத்துவமனைகள் உரிம நகலோடு ஸ்ட்ரிப்பின் தாளையும் கேட்டு வாங்கி, நொதி, ஹீமடோகிரிட் வரம்பு, எங்கிருந்து எடுத்த இரத்தம், தீவிர நோயாளிகள் பற்றிய எச்சரிக்கை நான்கையும் படிக்க வேண்டும். எச்சரிக்கை பெரும்பாலும் சின்ன எழுத்தில் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

பிறகு மீட்டர் காட்டும் அளவை ஆய்வக அளவோடு ஒப்பிட வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய திரவப் பகுதியை) பிரிக்காமல் வைத்த இரத்தத்தில் அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். இதைத் தடுக்க ஃப்ளோரைடு சேர்த்த குழாயிலும் முதல் ஒரு மணி நேரத்துக்கு இது நிற்பதில்லை. எனவே குழாயை ஐஸில் வைத்து உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால், பழி மீட்டர் மேல் விழும். உணவுக்குப் பின் விரல் இரத்தத்தில் சர்க்கரை ஆய்வகத்துக்கு எடுக்கும் சிரை இரத்தத்தைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதால், வெறும் வயிற்றில் ஒப்பிடுவதே நியாயம்.

வார்டுக்கான மீட்டரையும் ஐ.சி.யூ.வுக்கான மீட்டரையும் கொள்முதல் விவரக்குறிப்பில் தனித்தனியாக எழுத வேண்டும். தகுந்த மீட்டர் கிடைக்கும்வரை, ஐ.சி.யூ. நோயாளிகளின் சர்க்கரையை இரத்த வாயு பகுப்பாய்வுக் கருவியிலோ மைய ஆய்வகத்திலோ பார்க்கலாம்.

– மருத்துவ ஆய்வக நுட்புநர், மதுரை